உச்சத்தைத் தொட்ட கொசு

எதிர்வீட்டில் எறும்பு இருமினாலும், பாம்புக்காது என்று ஊரார் பெயர் வைத்த மனிதருக்குக் கேட்டுவிடும். சரி, இது கொஞ்சம் ஊதிச் சொன்னதுதான். எறும்புக்கு நல்ல சளி பிடித்திருக்க வேண்டும். மற்றபடி, ஊரார் பதிவு செய்து அனுப்பும் பேச்சிலிருந்து இருமல், செருமல், நாற்காலி முனகல் எல்லாவற்றையும் வெட்டி எறிவதுதான் அந்த மனிதருக்குப் பிழைப்பு. படுக்கையறைச் சுவர் முழுக்க மெத்தையை அடித்து அதையே ஒலிப்பதிவுக்கூடம் ஆக்கியிருந்தார். மெத்தையெல்லாம் சுவரேறிவிட்டதால் புருஷனும் பெண்டாட்டியும் பாயில் படுத்தார்கள்.

அந்தக் கூடத்தில்தான் அவர் மனைவி முதன்முதலாக ஓர் ஒலிநூலுக்குக் குரல் கொடுத்தாள். பதிப்பகத்தார் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி சன்னமாக இருக்கிறதாம். சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம்.

பாம்புக்காது இந்த முறையும் காதை உதவிக்குக் கூப்பிடவில்லை. கணினியில் ஒலியலையின் புள்ளிவிவரத்தைத் திறந்து, எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார். உச்சம் என்று போட்டிருந்த இடத்தில் பூஜ்யம்; ஒலிக்கணக்கில் அதுதான் கூரை. அதைத் தாண்டினால் ஒலி பிய்ந்துவிடும். சராசரியோ பாதாளத்தில் கிடந்தது.

"உச்சம் கூரையைத் தொட்டாச்சு. இதுக்கு மேல ஏத்த இடமில்ல. உன் குரல்லதான் தெம்பு இல்ல" என்றார்.

தெருமுனையில் நிற்கும் புருஷனை அடுப்படியிலிருந்தே சாப்பிடக் கூப்பிடுகிறவள் அவள். அன்று மத்தியானம் சாப்பாடு தயார் என்பதை மட்டும் அந்தத் தெம்பில்லாத குரலிலேயே சொல்லிவிட்டுத் தான் சாப்பிட உட்கார்ந்துவிட்டாள். பாம்புக்காதுக்குக் கேட்கவில்லை.

வயிறு காய்ந்ததும் புத்தி வேலை செய்தது. அதுவரை அத்தியாயம் முழுவதற்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்தவர், ஒரு வாக்கியத்தை மட்டும் பிடித்துப் பார்த்தார். உச்சம் எங்கோ கீழே இருந்தது. அடுத்த வாக்கியமும் அப்படியே. அப்படியானால் கூரையைத் தொட்டது யார்? அலை முழுவதையும் திரைக்குள் சுருக்கினார். புல்தரையாகப் படர்ந்திருந்த அவள் குரலுக்கு நடுவில், அவள் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், பனைமரம் மாதிரி ஒற்றைக் கோடு. ஹெட்போனை மாட்டி ஓட்டினார். பளார் என்று விழுந்த சத்தத்தில் நாற்காலியோடு மல்லாந்தார்.

"என்னங்க அது?" என்று ஓடி வந்தாள்.

"கொசு" என்றார், தரையில் கிடந்தபடியே.

பதிவன்று அவள் மூக்கைச் சுற்றிய கொசுவை, மைக்குக்குப் பக்கத்தில் இரு கையாலும் அறைந்தவர் அவர்தான். ஒரே அடி, கொசு அங்கேயே பரலோகம் போனது. அறைந்ததை வெட்டி எறிய மட்டும் மறந்துபோனார். அந்த ஒற்றை அடிதான் கூரையைத் தொட்டுக்கொண்டு, அவள் குரலை மேலே ஏறவிடாமல் தடுத்திருந்தது.

"அப்போ தெம்பு இல்லாதது எதுல?"

அவர் அந்த ஒற்றைக் கோட்டை வெட்டினார், குரலை ஏற்றினார், அறை நிறைந்தது. பொழுது சாய்வதற்குள் பதிப்பகத்திலிருந்து சரி என்று தகவல் வந்தது, அடுத்த நூலும் அவளுக்கே என்று. அன்றிலிருந்து அவள் வாசிக்கும்போது பாம்புக்காதுக்குக் கதவுக்கு வெளியேதான் இடம்.

இவ்வளவையும் பாம்புக்காது எனக்குச் சொல்லி முடித்ததும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்.

"எல்லாம் சரி, ஆனா அந்தக் கொசு சாகல. அத்தியாயம் முடியுற வரைக்கும் இவர் மூக்கு மேலதான் உக்காந்து கேட்டுச்சு."