மோடத்தின் பச்சை விளக்கு

திருக்காட்டுப்பள்ளியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரிக்கு கம்ப்யூட்டர் சர்வர் தேர்ந்தெடுத்துக் கொடுக்கப் போயிருந்தேன். ஸ்கேன் எடுப்பவர் உடனிருந்தார். ஒல்லியான மனிதர். பேச்சுக்கு நடுவே இன்டர்நெட் மோடத்தின் பச்சை விளக்கைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

ஸ்கேன் படத்தை இங்கேயே அலசிச் சொல்லும் சர்வர் விலை அதிகம், சென்னை டாக்டருக்கு நெட்டில் அனுப்பிப் பார்க்கச் சின்னப் பெட்டியே போதும் என்றேன்.

“லைன் போச்சுன்னா?” என்றார்.

“வருஷத்துல ரெண்டு நாள் போகும் சார். அதுக்குப் போயி இவ்வளவு செலவா?”

“அதுல ஒரு நாள்தாங்க எம்பொண்ணு வண்டியிலேர்ந்து விழுந்தா. படம் நான்தான் எடுத்தேன். தலைக்குள்ள என்னன்னு பாத்துச் சொல்ல ஆளில்ல. சாயங்காலம் லைன் வந்து ரிப்போர்ட்டும் வந்துச்சு. அவ அதுக்கு முன்னாடியே போயிட்டா.”

பெரிய சர்வரையே எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மறுபடியும் அந்த விளக்கைப் பார்த்தார். இனி அது அணைந்தாலும் ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.