போர்க்கப்பலில் ‘ஒலி எழுப்பவும்’

நான்கு வருடங்களுக்கு முன் நாமக்கல்லில் நடந்தது இது. அப்போது நான் கல்லூரியில் வரலாறு இரண்டாம் ஆண்டு. விசைத்தறி ஓட்டும் என் அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் படிக்கப் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

மாதிரி செய்துவைத்து வரலாற்றை விளக்கும் மாவட்டப் போட்டி. மாதிரியை மாணவரே செய்திருக்க வேண்டும். முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் சென்னைக்குப் போகலாம். கடலையே பார்த்திராத நான் எடுத்துக்கொண்டது கடற்போர்: இரண்டாம் உலகப் போரில் மிட்வே தீவுக்கருகே ஜப்பானும் அமெரிக்காவும் மோதியது. ஜப்பானுக்கு நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள், அமெரிக்காவுக்கு மூன்று. ஏழையும் அட்டையில் நானே செய்தேன். அமெரிக்காவின் யார்க்டவுன்தான் என் கதாநாயகன். இரண்டடி நீளம் என்பதால் அது மட்டும் பெட்டியில் அடங்கவில்லை.

எங்கள் ஊர் வெண்ணந்தூரிலிருந்து வந்த பஸ்ஸில், டிரைவர் பிரேக் போட்டதும் ஒரு கிழங்கு மூட்டை சரிந்து அதன்மேல் விழுந்தது. கப்பல் இரண்டு துண்டு. போட்டிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்தான். நாமக்கல் எல்லையில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையைப் பார்த்ததும் இறங்கிவிட்டேன். பசை கேட்கத்தான் போனேன்.

“என்னங்க அம்மிணி இது?” என்றார் அங்கே லாரிக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்த பெயின்டர் அண்ணன்.

“விமானந்தாங்கிக் கப்பலுங்கண்ணா.”

தச்சர் துண்டுகளைத் திருப்பிப் பார்த்தார். “சேஸியே முறிஞ்சிருக்குது. பசை நிக்காதுங்க. இங்க கொண்டாங்க.”

சேஸிக்குப் பதிலாக அடியில் மரச்சட்டம் கொடுத்து ஆணி அடித்தார். பெயின்டர் சாம்பல் நிறம் பூசினார். நாற்பது நிமிடம். “கோழித் தீவனம் எத்தன மூட்ட ஏத்தலாமுங்க?” என்று கேட்டு என்னைச் சிரிக்கவும் வைத்தார். பெயிண்ட் காயாததால் சட்டத்தை மட்டும் பிடித்தபடி ஆட்டோவில் பறந்தேன்.

மேடையில் நடுவர் குனிந்து கப்பலின் பின்பக்கத்தைப் பார்த்தார். “என்னம்மா எழுதியிருக்கு?”

மஞ்சள் எழுத்தில் ‘ஒலி எழுப்பவும்’. அதை எழுதாமல் அந்தப் பட்டறையை விட்டு எந்த வண்டியும் வெளியே போகாது. கைப்பழக்கம். அரங்கமே சிரித்தது.

“இதை நீதான் செய்தாயா?”

ஆமாம் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“இல்லைங்க ஐயா. உடைஞ்சிடுச்சு. லாரிப் பட்டறையில சரி பண்ணிக் கொடுத்தாங்க,” என்றேன். சொன்னதும் பயம் போய்விட்டது. “நிஜ யார்க்டவுனும் இப்படித்தாங்க. முந்தின சண்டையில அடிபட்டு மூழ்கிப்போச்சுன்னு ஜப்பான் நம்புச்சு. மூணு மாச வேலைய மூணு நாள்ல ஒட்டுப்போட்டு, வேலை முடியாம ரிப்பேர் ஆட்களையும் கப்பல்லயே வெச்சு அனுப்புனாங்க.”

அதன் பிறகு நான் நிற்கவே இல்லை. குண்டும் எரிபொருளுமாக இருந்த ஜப்பான் கப்பல்கள்மேல் அமெரிக்க விமானங்கள் செங்குத்தாகப் பாய்ந்ததை, சில நிமிடங்களில் மூன்று கப்பல்கள் பற்றி எரிந்ததை, நான்காவதும் தப்பாததை, கடைசியில் யார்க்டவுனும் மூழ்கியதைக் கைகளாலேயே ஓட்டிக் காட்டினேன். சிரித்தவர்கள் கை தட்டினார்கள்.

விதிப்படி மதிப்பெண் குறைத்தார்கள். இரண்டாம் இடம். சென்னை போனேன், கடலையும் பார்த்தேன்.

‘நானே செய்தேன்’ என்று சொல்வதை அதற்குப் பிறகு குறைத்துக்கொண்டேன். எத்தனையோ புத்தகங்கள் படித்துவிட்டேன். ஆனால் லாரிக்குப் பின்னால் என் பஸ் போகும்போதெல்லாம், எனக்கென்றே அந்த அண்ணன் எழுதிக் கொடுத்தது அந்த இரண்டு சொற்கள்தான் என்று தோன்றும்.