தகுந்த அமிலம்

போன மாதம் ஒரு காலை. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

மச்சான் என்றால் என் அக்கா புருஷன், செபஸ்தியான். ஏலாக்குறிச்சிக்காரர். கெமிஸ்ட்ரி படித்தவர். திருச்சியில் பார்த்த நல்ல வேலையை உதறிவிட்டு, திருமானூர் ரோட்டில் ஷெட் போட்டு, வயிற்றுப் பூச்சிக்கான மருந்துத் தூள் தயாரிக்க இறங்கியிருந்தார்.

“மாப்ளே, அந்த மருந்தை வேற யாரும் செய்யக் கூடாதுன்னு பம்பாய் கம்பெனி ஒண்ணு பேடன்ட் வாங்கி வச்சிருக்காம். கேஸ் போட்டா ஷெட்டைப் பூட்டிடுவாங்களாம். நீங்கதான் பத்திரிகைல எழுதுறவராச்சே... என்னன்னு தேடிப் பாருங்க!”

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்ப இன்னும் ஆள் இருக்கிறதே! விடலாமா? மெட்ராஸ் கிளம்பினேன்.

அங்கே ஒரு லைப்ரரியில் தடித்தடியாகப் பேடன்ட் புத்தகங்கள். கடையில் விற்கிற மாத்திரையின் பெயரை வைத்துத் தேடினேன். பகல் முழுக்கத் தூசி தின்றதுதான் மிச்சம். ‘அப்படி ஒரு பேடன்டே கிடையாது’ என்று ஊருக்கு வந்து ஜம்பமாகச் சொன்னேன்.

மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். “ஏன் மாப்ளே, என்னை வூட்ல ராசுன்னு கூப்புடுவாங்க. கோயில் ஞானஸ்நானப் புத்தகத்துல ராசுன்னு தேடுனா கெடைக்குமா? மருந்துக்கும் அப்புடித்தான்!”

ஒன்றரை வரி நீளத்துக்கு ரசாயனப் பெயர் ஒன்றை எழுதிக் கொடுத்தார். மறுபடி மெட்ராஸ். இந்த முறை அகப்பட்டுவிட்டது!

படித்தால், அட, நம் சட்டப்படி மருந்துக்குப் பேடன்ட் கிடையாதாம். அதைச் செய்கிற முறைக்கு மட்டும்தானாம். வேறு முறையில் செய்தால் யாரும் கேட்க முடியாது. அந்த முறையை உலகத்துக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் சர்க்கார் உரிமையே தருகிறது. கம்பெனியும் சொல்லியிருந்தது... எப்படி? நகல் எடுத்து வந்து, அக்கா வீட்டில் தமிழாக்கி உரக்க வாசித்தேன்.

“தகுந்த அமிலத்தைச் சேர்த்து, தகுந்த சூட்டில், தகுந்த நேரம்...”

“என்னடா இது, கல்யாண விளம்பரமா?” என்றாள் அக்கா.

மச்சான் சிரிக்கவில்லை. “எந்த அமிலத்தை ஊத்துனாலும் ‘தகுந்த’துக்குள்ள வந்துரும் மாப்ளே. எல்லா வழியையும் அடைச்சுட்டான். ஷெட்டை மூட வேண்டியதுதான்.”

சாப்பிடாமல் எழுந்து போனவர், வாசலில் நின்று திரும்பினார்.

“அமிலமே ஊத்தாம ஒரு வழி... அதுல எங்கயாச்சும் போட்டிருக்கா?”

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். இல்லை!

அதற்கப்புறம் ஷெட்டே கதி என்று கிடந்தார். எத்தனை தடவை கருகியதோ, எத்தனை தடவை கட்டி தட்டியதோ... போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று தூள். ‘இது வேறு வழிதான், தைரியமாகச் செய்யுங்கள்’ என்று வக்கீலும் சொல்லிவிட்டாராம். மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

“மாப்ளே, நம்ம வழிக்கும் ஒரு பேடன்ட் எழுதிக் குடுங்க.”

சந்தோஷமாகப் பேனாவை எடுத்தேன். “என்ன கலக்கணும், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்... சொல்லுங்க மச்சான்.”

மச்சான் பதறிப்போய்க் கதவைச் சாத்தினார்.

“அதெல்லாம் எதுக்கு? எல்லாத்துக்கும் ‘தகுந்த’ன்னு போடுங்க!”