செம்பியின் வாய்க்கு ஒரு கடிவாளம்

போர் முடிந்து இரண்டு வருடம் கழிந்த ஓர் ஆகஸ்ட் விடுமுறையில், பையில் துணிகளுக்கு நடுவே மூன்று கடிவாள இரும்புகளைச் சுற்றி வைத்துக்கொண்டு நுவரெலியாவிலிருந்து கல்குடாவுக்குப் புறப்பட்டேன். அங்கே அக்காவும் அத்தானும் இருக்கிறார்கள். கரையில் நின்று கரைவலை இழுத்துப் பிழைத்த அத்தான், சுனாமிக்குப் பிறகு கடலில் கால் வைத்ததில்லை. உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கியதும், கடற்கரையில் குதிரைச் சவாரி விடலாமே என்று யோசனை சொன்னவள் நான். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த செம்பி என்ற குதிரையை நுவரெலியாவில் பார்த்து வாங்கிக் கொடுத்தவளும் நான்தான். அந்தச் செம்பிக்கு வாய்க்குள் எந்த இரும்பும் ஒத்துவரவில்லையாம். தலையை உதறுகிறதாம், நாக்கை வெளியே தள்ளுகிறதாம், போன கிழமை ஒரு பிள்ளையை விழுத்தப் பார்த்ததாம். இனியும் சரிவராவிட்டால் விற்றுவிடப் போவதாக அத்தான் தொலைபேசியில் சொன்னார். விற்றுவிட்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தொலைபேசியை அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

காலை ஆறு மணிக்கு பஸ் எடுத்துப் பதுளையில் மாறினேன். இதே பாதையில் வருகிறவர்கள் செங்கலடியில் இறங்கி வாழைச்சேனை பஸ்ஸைப் பிடியுங்கள். மட்டக்களப்பு நகரம் வரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர் வீண்.

வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் பைக்குள் இரும்பு கணீரென்றது. ஓர் இளம் சிப்பாய் அதை வெளியே எடுத்து என்னவென்று கேட்டார். என் சிங்களம் அவ்வளவுக்குக் காணாது. வேறு வழியில்லாமல் அதை வாயருகே வைத்து, குதிரையைப் போலத் தலையை உதறிக் காட்டினேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள், சிப்பாயும் சிரித்தார். மானம் போனாலும் பை முழுதாகத் திரும்பி வந்தது.

வாழைச்சேனையில் ஓட்டோக்காரரிடம் வீட்டு அடையாளம் சொல்லத் தொடங்கினேன். "குதிரக்காரர்ர வீட்டயா? அந்தக் குதிர ஆளக் கிட்ட எடுக்காதே கா!" என்றார்.

மறுநாள் காலை சோதனை தொடங்கியது. முதலாவது, நடுவில் மடியும் மெல்லிய இரும்பு. செம்பி பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்கவே இல்லை. இரண்டாவது சற்றுத் தடிப்பு. வாங்கிக்கொண்டு உடனே துப்பப் பார்த்தது. மூன்றாவது ரப்பர் சுற்றிய தடித்த கம்பி. உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிவிட்டுக் கொடுத்தேன். செம்பி அதை வெற்றிலை மெல்லுவதுபோல மென்று, காதுகளைத் தளரவிட்டு நின்றது. அக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

ஆனால் அத்தான் கடிவாள வாரைப் பிடித்துக் கடற்கரைக்கு நடத்தியதும் பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிட்டது. அலையின் சத்தம் கேட்டதும் அவர் வாரைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனிதர் கரைவலை இழுக்கிறார். வலைக்கயிறு தளர்ந்தால் மீன் போய்விடும் என்று சின்ன வயதிலிருந்து பழகிய கை. அந்த இழுவை முழுவதும் செம்பியின் வாயில் விழுந்தது.

"அத்தான், கொஞ்சம் விட்டுப் பிடிங்க."

"விட்டாக் கடலுக்குள்ள போயிரும்."

"போனா என்ன? முழங்கால் தண்ணிதானே."

அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "சுனாமி அண்டைக்கு என்ட தம்பியையும் கயித்திலதான் பிடிச்சிருந்தன், புள்ள. மறுகா கயிறு மட்டும்தான் கையில கிடந்திச்சு."

இத்தனை வருடத்தில் அவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் இரும்பைத் தேடி மலையெல்லாம் அலைந்திருக்கிறேன், இந்த மனிதரின் கையை ஒருநாளும் பார்க்கவில்லை.

அக்கா வந்து வாரை இறுக்கியிருந்த அவருடைய கையின் மேல் கை வைத்தாள். "இஞ்சாருங்க, ரெண்டு பேருமாப் பிடிப்பம். தளத்திப் பிடிப்பம்" என்று சொல்லி, சுற்றியிருந்த வாரை மெல்லப் பிரித்தாள். செம்பி ஒருதரம் தலையை உதறியது. இழுவை வரவில்லை. தலையைத் தாழ்த்தி, இருவரையும் கூட்டிக்கொண்டு நேராகத் தண்ணீருக்கு நடந்தது. அத்தானின் கணுக்கால் நனைந்தது, பிறகு கட்டியிருந்த சாரத்தின் கரை நனைந்தது. முழங்கால் ஆழத்தில் செம்பி தானாகவே நின்று மூக்கால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தது. வார் தொய்ந்து அலையில் மிதந்தது.

"உப்புத் தண்ணி, குடியாத" என்றார் அத்தான், அழுதுகொண்டே.

செம்பியை விற்கவில்லை. கல்குடாவுக்கு வருகிறவர்கள் சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில் வாருங்கள், கடல் அமைதியாக இருக்கும். வெயில் ஏறமுன் சவாரி போவது நல்லது. வாரை இறுக்காதீர்கள், அத்தானுக்குக் கோபம் வரும். குதிரை தண்ணீருக்குள் இறங்கினால் பயப்பட வேண்டாம். பக்கத்தில் அவரும் இறங்குவார்.