டம்ளர் கழுவப் போன பிள்ளைகளும் எங்கள் அக்காவும்

திருநீர்மலை அடிவாரத்தில், கல் உடைத்த அப்பாவுக்கும் வீடுகளில் பாத்திரம் தேய்த்த அம்மாவுக்கும் மூத்த மகளாகப் பிறந்தவர் எங்கள் அக்கா. அடுத்தவள் நான், ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அக்காவின் நினைவு மலருக்காக எழுதிய இதை நான்கு பேரிடம் காட்டித் திருத்தியும் பயமாகத்தான் இருக்கிறது. பிழை இருந்தால் அது என்னுடையது.

நான் ஏன் நின்றேன் என்று சொன்னால்தான் அக்காவைச் சொல்ல முடியும். வாசிப்பு வகுப்பு வந்தால் எங்கள் தெருப் பிள்ளைகளை மட்டும் சார் வெளியே அனுப்புவார். ஆசிரியர்கள் டீ குடித்த டம்ளர்களைக் கழுவ வேண்டும். திரும்பி வந்தால் பாடம் முடிந்திருக்கும். கடைசியில், "உனக்குப் படிப்பு ஏறாது" என்று அவரே சொன்னார். அம்மாவும் நம்பினார், நானும் நம்பினேன். அக்கா டம்ளரைத் தொட மறுத்து, வாசலில் முட்டி போட்டபடியே படித்தார்.

படித்து ஆசிரியரானார். பிறகு தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில், ஆசிரியராகப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்பதுதான் அவருடைய பாடம். என்னையும் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்ட வைத்தார்.

பயிற்சி மாணவிகள் பள்ளியில் பாடம் நடத்தும்போது பார்த்து மார்க் போடுவார். உட்கார்ந்ததும் முதலில் தலைகளை எண்ணுவார். மேடவாக்கம் பக்கம் ஒரு பள்ளியில் ஒரு பெண் அழகாக நடத்தினாள். பிள்ளைகளும் கடகடவென்று படித்தார்கள்.

"ரெண்டு பேர் குறையுதேம்மா?"

"டம்ளர் கழுவுறாங்க மேடம். அவங்களுக்குப் படிக்க வராது. நீங்க வர்றீங்கன்னுதான் அனுப்பினேன்."

அக்கா பேனாவை மூடினார். தானே போய் இருவரையும் ஈரக் கையோடு கூட்டி வந்து முன்னால் உட்கார வைத்தார். "இப்ப ஆரம்பி. இவங்களுக்குச் சொல்லித் தர்றதுக்குத்தான் மார்க்." அந்தப் பெண் அழுதுவிட்டாள்.

பள்ளி புகார் செய்தது. கல்லூரி அக்காவை நூலகத்துக்குத் தள்ளியது.

"உனக்கு எதுக்குக்கா வம்பு? வேலை போயிடப் போவுது" என்று கெஞ்சினேன்.

"உனக்குப் போன படிப்பு திரும்ப வந்துச்சா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவிகள் எங்கள் வீட்டுக்கே வந்து கற்றார்கள். சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் படுக்கையில் கிடந்தபோதும் அவர்களுடைய பாடக் குறிப்பைத் திருத்தினார்.

அஞ்சலிக் கூட்டத்தில் கல்லூரி முதல்வர், "யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர்" என்று புகழ்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேசியதற்குத்தானே ஐயா ஒதுக்கினீர்கள்? "நினைவு மலர்ல சண்டை எதுக்கும்மா?" என்கிறார் மாமா. எழுதாவிட்டால் அந்தப் பொய்தான் நிற்கும், மாமா.

ஆஸ்பத்திரிக்கு அலுக்காமல் அழைத்துப் போன ஆட்டோ அண்ணன், கையைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸ் அம்மா, எங்களுக்குச் சமைத்துக் கொடுத்த எதிர்வீட்டு அக்கா, எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கல்லூரிக்குச் சொல்ல மனம் வரவில்லை.

அன்று அழுத பெண் இப்போது குன்றத்தூர் பக்கம் டீச்சர். பதினாறாம் நாள் வந்திருந்தாள். "போன வாரம் ஸ்கூலைப் பார்க்க அதிகாரி வந்தார்க்கா. எல்லாப் பிள்ளைங்களும் கிளாஸ்லதான் இருந்தாங்க."

"அப்போ அவர் குடிச்ச டம்ளர்?" என்று கேட்டேன்.

"அவரே கழுவினார்."