வெங்காயக் குடோன் வேரு

அந்த வேரு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. மனுசன் தொடை தடிப்பு இருக்கும். துறைமுகத்துக்கிட்ட நான் மூட்டை தூக்குன வெங்காயக் குடோன் பின் சுவத்துல, குருவி எச்சம் போட்டு மொளச்ச ஆலமரம் அது. அதோட வேரு ஜன்னல்மேல குறுக்கும் நெடுக்குமா எறங்கிருந்துச்சு. நமக்குப் படிப்பு கெடையாது. ஆனா அங்க கணக்கு எழுதுன கிராணி ஐயா பாட்டுக் கட்டுவாரு. யாழ்ப்பாணத்து ஆளு. வெத்தலய மென்னுக்கிட்டே, சாக்கு தைக்கிற எனக்குச் சொல்லிக் காட்டுவாரு. அந்த மரத்துமேலயும் ஒண்ணு கட்டுனாரு.

"செங்கல் சந்தில் விரலை விட்டுச்
சுவரைத் திருடும் கள்ளனே."

சரியான பாட்டுன்னுதான் நெனச்சேன். மொதலாளியும் அத வெட்டச் சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு. ஆலமரமாச்சேன்னு யாரும் கை வைக்கல.

ஒருநாள் மத்தியானம், விடாம பேஞ்ச மழையில மாடி சரிஞ்சு முன்வாசல மூடிருச்சு. உள்ள நானும் கிராணி ஐயாவும். பின்பக்கத்து ஜன்னல் ஒண்ணுதான் வழி, அத வேரு அடச்சிருக்கு. வீட்டுல எம் பொண்டாட்டி நெறமாசம். பாராங் கத்திய எடுத்து ஓங்கி ஒரு வெட்டு போட்டேன். வெள்ளப் பாலு வடிஞ்சுச்சு. மேல என்னமோ முனகுச்சு, தலையில செங்கப்பொடி கொட்டுச்சு.

"பொறு தம்பி, வெட்டாதை! மேல பார்."

பாத்தேன். முறிஞ்ச உத்தரம் அந்த வேருமேலதான் சாஞ்சு நிக்குது. வெட்டுனா வழி வரும், வழியோட சுவரும் வரும். கத்திய கீழ போட்டுட்டு மூட்டைமேல உக்காந்து அழுதுட்டேன்.

"வெங்காய மூட்டையில குந்தி இருந்து அழாதை. ஒருத்தரும் நம்பமாட்டினம்"னாரு. அப்பயும் குசும்பு. ஆனா அவரும் வேர ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டாரு. புடிச்சபடியே பாட்டுக்கு அடுத்த அடிய முணுமுணுத்தாரு.

"கும்பிட்டழுதும் வழி விடாத
கூண்டுக் கம்பியே."

மழை கூடக் கூட உத்தரம் எறங்கப் பாக்குது. வேரு அசையல. அவரு மேலயே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் நான் வெட்டுன காயத்துல கைக்குட்டய வச்சுப் பால ஒத்தி எடுத்தாரு. அடுத்த அடி வந்துச்சு.

"கூலி கேளாமல் எங்கள் தலைமேல்
குடோனைச் சுமக்கும் தோளே."

பொழுது சாயுறப்ப தீயணைக்கிற பொம்பாக்காரங்க பக்கத்துச் சுவத்த ஓட்ட போட்டு எங்கள இழுத்தாங்க. வெளிய கடைவாசல் அஞ்சடி நடையில தேத்தண்ணி குடிக்கிறப்ப சொன்னேன், "ஐயா, அந்தக் கள்ளன பாட்டுல இருந்து எடுத்துருங்க லா. உசிரக் காப்பாத்துன மரம், கேக்க நல்லா இல்ல."

"இருக்கட்டும் தம்பி. அதை எடுத்துப்போட்டா, முதல்ல நான் எப்பிடிப் பாத்தனான் எண்டு ஆருக்குத் தெரியும்? எனக்கு அந்த வெக்கம் வேணும்."

அவரு காலமாயி பல வருசமாச்சு. நான் இப்ப மலையடிவாரத்து ஆயர் ஈத்தாம் பிளாட்டுல, முட்டி மடங்காம மேல்மாடியிலயே கெடக்குறேன். அப்பன் வெளிய போயி எங்கயாச்சும் விழுந்துருவாருன்னு, மக வாசல் கம்பி கிரில்ல பூட்டிட்டுத்தான் வேலைக்குப் போறா. அத புடிச்சுக்கிட்டு மலையப் பாத்து நிப்பேன். அதுவும் என்னையக் காக்கத்தான் போட்டது, தெரியும். கிராணி ஐயா பாட்ட மூணு அடியும் வாய்விட்டுச் சொல்லிப் பாக்குறேன். கம்பி இன்னும் கம்பியாத்தான் தெரியுது. நான் ரெண்டாவது அடியிலயே நிக்கிறேன்.