சரீரம் உயிர்த்தெழும் நாளில்

இந்த ஊர்ச் சர்ச்சில், நம்புவது இன்னதென்று எல்லோரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தைக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள்போலச் சொல்கிறார்கள். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வழக்கம் வேறு. எழுத்தறியாதவர்கள் பாதிப்பேர் என்பதால் உபதேசியார் ஒரு வரி சொல்லி நிறுத்துவார். நாங்கள் அதை வாங்கிச் சொல்வோம். கொடைக்கானலுக்கு வந்த முதல் ஞாயிறும் அதே பழக்கத்தில் ஒவ்வொரு வரியையும் காதில் வாங்கிய பிறகே வாயைத் திறந்தேன். சபை முழுவதும் ஆமென் சொல்லி உட்கார்ந்த பிறகு, ‘சரீரம் உயிர்த்தெழுதலையும்’ என்று நான் ஒருத்தி மட்டும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு ரோஸ் அக்காதான் சேலையைப் பிடித்து உட்காரவைத்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை. எனக்கும் அங்கே காய் நறுக்கும் வேலை வாங்கித் தந்தவள். “சிலோன்ல இதெல்லாம் சொல்லித் தரலையாக்கும்? விடு, நான் சொல்லித் தாறேன்” என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஒரு வரியை எனக்கு யார் சொல்லித் தரவேண்டும்? என் மகள் எஸ்தர் ஆறு வயதில் காய்ச்சலில் போனாள். தேயிலைக்கு மேலே, மண் சரிவில் புதைத்தோம். அன்று குழியருகில் உபதேசியார் வரிவரியாகச் சொல்ல, அதுவரை மனப்பாடமாக இருந்தது எனக்கு அர்த்தமானது. ஆத்துமா மோட்சத்தில் இருக்கிறது என்ற ஆறுதல் எனக்குப் போதவில்லை. நான் குளிப்பாட்டித் தலைவாரிய அதே உடம்பு, முழங்காலில் விழுந்த தழும்போடு எழுந்து வரும் என்றல்லவா அந்த வரி சொல்கிறது! அதைப் பிடித்துக்கொண்டுதான் சோறு தின்றேன். பிறகு இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆட்களைப் பங்குபிரித்தபோது, எங்களுக்கு இந்தியா என்று முடிவானது. பதிவு செய்த கந்தோரில் குமாஸ்தாக்கள் உயிரோடிருப்பவர்களின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறும்போது நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏறியிருக்க மாட்டேன்.

சென்ற ஈஸ்டர் அன்று விடியுமுன் ரோஸ் அக்கா கதவைத் தட்டினாள். கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை, வெள்ளனே போனால்தான் கல்லைக் கழுவிப் பூ வைக்க முடியும் என்றாள். எனக்கு அங்கே யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

“குடுத்து வச்சவ நீ. யாரையும் மண்ணுல வைக்கல” என்றாள்.

அவள்மேல் தப்பில்லை, நான்தான் எஸ்தரைப் பற்றி இந்த ஊரில் ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளோடு நடந்தேன். ஒவ்வொரு குடும்பமும் தன் தன் கல்லறையருகே நின்றது. எனக்கு நிற்க இடமில்லாமல் நடைபாதையில் நின்றேன். ரோஸ் அக்கா தன் புருஷனின் கல்லைத் தேய்த்துக் கழுவி, சாமந்தியைப் பரப்பி, பக்கத்தில் கிடந்த புல்தரையைக் கையால் தட்டிக் காட்டினாள். “இது எனக்கு விட்டு வச்சிருக்கிற எடம். போதகர் வீட்டு ஐயரம்மாகிட்டச் சொல்லி வச்சிட்டேன்.” வீடு கட்ட மனை வாங்கியவள்போல அவள் முகத்தில் ஒரு நிறைவு. விதவையைப் பார்த்துப் பொறாமைப்படுகிற பாவியும் உலகத்தில் உண்டா? நான் பட்டேன். அவள் வைத்த பூவை வாரி எறியவும் நினைத்தேன்.

போதகர் ஐயர் விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கினார். ரோஸ் அக்கா கண்ணை மூடி, கணீரென்று சொன்னாள். நானும் சொன்னேன்; ஒரு வார்த்தையையும் சந்தேகப்படவில்லை. நம்புவதுதான் என் துன்பம். மரித்தவர்களை எழுப்ப எக்காளம் தொனிக்கும் அந்த நாளில் ரோஸ் அக்கா கையை நீட்டினால் போதும், புருஷன் பக்கத்தில் இருப்பான். நான் இந்த மலையில் எழுந்திருப்பேன். அந்த மலையில் எஸ்தர் எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, முதலில் அம்மா எங்கே என்றுதான் கேட்பாள்.